டவுன் சிண்ட்ரோம், 8 வயது மகள்: எழுத்தும் மாடிப்படியும் தகராறு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தேனிக்காரி

வணக்கம். ஒரு வருஷமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். என் மகளுக்கு 8 வயது முடிந்துவிட்டது. டவுன் சிண்ட்ரோம். ஊரில் ஒரு தனியார் பள்ளியில் 2-ஆம் வகுப்பு. பிறக்கும்போது இதயத்தில் ஓட்டை இருந்தது, 11-ஆம் மாதம் ஆபரேஷன் முடிந்தது, இப்போது அதில் ஒரு தொல்லையும் இல்லை. நடக்க ஆரம்பித்தது இரண்டே கால் வயதில்.

பேச்சு பரவாயில்லை, பாட்டெல்லாம் பாடுவாள். படத்தைப் பார்த்து வார்த்தை படிக்கிறாள். கைகால் வேலையில்தான் தகராறு. இந்த வருஷம் வகுப்பை முதல் மாடிக்கு மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, கம்பியைக் கட்டிக்கொண்டு ஏறுவாள். இறங்குவது அதைவிட மோசம், பாதி நாள் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்குகிறாள். பின்னால் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள் என்று ஆயாம்மா தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். டிபன் பாக்ஸ் மூடி திறக்க வராது. சட்டைப் பட்டன் வராது. பென்சிலை முஷ்டியில் பிடித்து, தாளில் பட்டும் படாமலும் கிறுக்குவாள். நாலு எழுத்து எழுதினால் தலை மேஜையில் சாய்ந்துவிடும்.

போன வாரம் டைரியில் மிஸ் எழுதி அனுப்பினார்: கையெழுத்து படிக்க முடியவில்லை, வீட்டில் தினமும் 2 பக்கம் எழுதவைக்கவும். எழுதவைத்தேன். மூன்றாம் நாள் பென்சில் பெட்டியைக் கொண்டுபோய் வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடிவிட்டாள்.

சோம்பேறித்தனமா, புரியவில்லையா, உடம்பால் முடியவில்லையா? எதிலிருந்து ஆரம்பிப்பது?

பேரனின் தாத்தா

தப்பாக நினைக்க வேண்டாம் அம்மா. எழுத எழுதத்தான் எழுத்து வரும். சித்திரமும் கைப்பழக்கம் என்று சும்மாவா சொன்னார்கள்? நாங்கள் மணலில் விரல் தேய எழுதினோம். என் பேரனுக்கும் இதே டவுன்ஸ்தான், 7 வயது. நாளுக்கு ஒரு பக்கம், அழுதாலும் விடுவதில்லை. செல்லம் கொடுத்தால் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள்.

கோவை அப்பா

பென்சில் பெட்டியை மெஷினுக்குள் ஒளித்துவைக்கத் தெரிந்த பிள்ளைக்குப் புரியவில்லை என்று யார் சொன்னது? அந்தக் கவலையை விடுங்கள்.

என் மகனுக்கு இப்போது 14. ஒன்றே ஒன்று கேட்கிறேன். கண், காது, தைராய்டு மூன்றும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

காரணம் சொல்கிறேன். 7 வயதில் இவனும் படி இறங்க மாட்டான். மேல்படியில் நின்று, காலை நீட்டி விளிம்பைத் தடவிப் பார்ப்பான். இருட்டில் நாம் ஸ்விட்ச் தேடுவோமே, அந்த மாதிரி. பயம் என்று நினைத்து ஒரு வருஷம் பிசியோவுக்கு மட்டும் அலைந்தோம். பிறகு ஒரு நாள் வேறு வேலையாகப் போன இடத்தில் கண் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் நல்ல பவர். அவனுக்குப் படி எங்கே முடிகிறது என்றே தெரிந்திருக்கவில்லை. கண்ணாடி போட்டதும் ஓடி இறங்கினான் என்று கதை விட மாட்டேன். தடவுவது நின்றது, அவ்வளவுதான். மிச்சம் பழக ஆறு மாதம் ஆனது. வீட்டுப் படி விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டினோம், இன்னும் அது இருக்கிறது.

டவுன்ஸ் பிள்ளைகளில் பாதிக்கு மேல் கண்ணாடி தேவைப்படுகிறவர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை தைராய்டும் பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்தால் பிள்ளை மந்தமாகத்தான் இருக்கும், அதை நாம் சோம்பல் என்போம்.

மரப்பாச்சி

தேனி அக்கா, நான் ஓ.டி., அதாவது எழுதுவது, உடுத்துவது மாதிரி அன்றாட வேலைகளைப் பழக்கும் தெரபிஸ்ட். 12 வருஷமாகக் குழந்தைகளோடுதான் வேலை. நேரில் பார்க்காமல் உங்கள் மகளைப் பற்றித் தீர்ப்பு எழுத மாட்டேன். இந்த வயதில் பொதுவாக நான் பார்ப்பதைச் சொல்கிறேன்.

சோம்பேறித்தனம் இல்லை. 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் உடம்பிலேயே சில விஷயங்கள் வேறு மாதிரி அமைகின்றன. தசை தொய்வாக இருக்கும். மூட்டைக் கட்டிவைக்கும் நார்கள் இளகி இருக்கும், அதனால்தான் இந்தப் பிள்ளைகள் காலை மடக்கித் தலையில் வைத்துக்கொண்டு டிவி பார்ப்பார்கள். கை, கால், விரல் எல்லாம் உடம்பின் அளவுக்குக் கொஞ்சம் குட்டை. சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமூளையும் சற்றுச் சின்னது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு உங்கள் பெண் இரண்டே கால் வயதில் நடந்திருக்கிறாள், நல்ல விஷயம். கனடாவில் 121 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2001-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2 வயதில் நடக்கும் வாய்ப்பு 40 சதவீதம், 3 வயதில் 92. கிட்டத்தட்ட எல்லாரும் வந்து சேர்கிறார்கள், நேரம்தான் அதிகம் எடுக்கிறது.

ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். தொய்வு வேறு, பலம் வேறு. சும்மா இருக்கும்போது தசையில் இருக்கும் பிடிப்பு (டோன் என்போம்) குறைவாக இருப்பது தொய்வு. அதைப் பயிற்சியால் மாற்ற முடியாது. பலம் பயிற்சியால் ஏறும், எல்லாருக்கும் ஏறுவது போலவே. 'டோன் ஏற்றிவிடுகிறேன்' என்று மசாஜுக்கு யாராவது பேக்கேஜ் சொன்னால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்துவிடுவது பிள்ளைக்குச் சுகம், தாராளமாகச் செய்யலாம், வேறு பலன் எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது உங்கள் பதிவுக்கு வருகிறேன். முஷ்டிப் பிடியைவிட, தலை மேஜையில் சாய்கிறது என்றீர்களே, அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அங்கே தளர்வது விரலுக்கு முன்னால் முதுகு. காலைத் தொங்கவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தால் இடுப்பு முன்னால் வழுக்கும், முதுகு கூன் போடும், நிமிர்ந்து உட்காரவே பாதித் தெம்பு செலவாகிவிடும். ஓடுகிற டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு நீங்கள் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள், தெரியும்.

நாளைக்குப் பள்ளிக்குப் போய் அவள் உட்கார்ந்திருப்பதைப் பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுங்கள். பாதம் முழுசாகத் தரையில் படுகிறதா? முழங்கை மேஜை மட்டத்துக்கு வருகிறதா? அதைச் சொல்லுங்கள், விரலுக்குப் பிறகு வருவோம்.

தேனிக்காரி

போட்டோ எடுத்தேன். எடுத்ததும் வயிறு பிசைந்தது. கால் ஒரு சாண் உயரத்தில் தொங்குகிறது. மேஜை கிட்டத்தட்ட அவள் அக்குள் மட்டத்தில் இருக்கிறது. இரண்டு வருஷமாக அப்படித்தான் எழுதியிருக்கிறாள்.

கண் டெஸ்ட் 4 வயதில் பார்த்தது. கோவை அண்ணா, இந்த வாரமே போகிறோம்.

மரப்பாச்சி

வயிறு பிசைய வேண்டாம். இது பத்து ரூபாய் செலவில்லாமல் தீருகிற விஷயம். வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் மணைப் பலகை இருக்குமே, அதைக் காலடியில் போடுங்கள். போதாவிட்டால் இரண்டு. மேஜை உயரமாக இருந்தால் இருக்கையை ஏற்றி, அதற்கேற்ப மணையையும் ஏற்ற வேண்டும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் எல் மாதிரி மடங்க வேண்டும்.

அப்புறம் சாய்வு. பழைய கடைகளில் கணக்குப்பிள்ளை மேஜை பார்த்திருப்பீர்கள், தரையில் உட்கார்ந்து எழுதுவதற்குச் சாய்ந்த மூடியோடு இருக்கும். அதில் தாளை வைத்தால் மணிக்கட்டு தானாகப் பின்னால் மடங்கும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிரே வந்து நிற்கும், தலையும் குனியாது. நாம் பிள்ளைகளுக்குக் கேட்பதும் அதே சாய்வுதான். கடையில் வாங்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் பேப்பர் கோர்க்கும் தடிமனான பாக்ஸ் ஃபைலைப் படுக்கப் போட்டால் அதே சாய்வு.

பேரனின் தாத்தா

எங்கள் அப்பா மண்டியில் கணக்கு எழுதியது அந்த மேஜையில்தான். பரணில் கிடக்கிறது. இறக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆனாலும் எழுதாமல் எழுத்து வராது என்பதில் நான் மாறவில்லை.

மரப்பாச்சி

தாத்தா, நீங்கள் சொன்னதில் பாதி சரி. எழுத்து எழுதித்தான் வரும், களிமண் பிசைந்தால் தானாக வந்துவிடாது. இதை எங்கள் துறைக்காரர்களே சில சமயம் மறந்துவிடுகிறோம். ஆனால் 2 பக்கம் இல்லை. நல்ல உட்காரல், 5 நிமிஷம், தினமும். கை களைத்த பிறகு எழுதும் ஒவ்வொரு வரியும் தப்பான பழக்கத்துக்குத்தான் பயிற்சி.

விரல் விஷயத்துக்கு வருகிறேன். கோவை அண்ணா போல நானும் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: சின்னத் துண்டு. சாக்பீஸை ஒரு அங்குலத்துக்கு உடைத்துக் கொடுங்கள். முஷ்டியில் பிடிக்க இடமே இருக்காது, மூன்று விரலால் பிடித்தே ஆக வேண்டும். பென்சிலும் அப்படித்தான், தாத்தா காலத்துப் பலப்பம் அளவுக்குக் குட்டையானதுதான் நல்லது. புதுப் பென்சிலை வாங்கிப் பாதியாக உடையுங்கள். சுவரில் கரும்பலகை பெயிண்ட் அடித்து, நின்றுகொண்டு, அவள் கண் மட்டத்தில் எழுதவிடுங்கள். தோள் வேலை செய்யும். தோள் நின்றால்தான் மணிக்கட்டு நிற்கும், மணிக்கட்டு நின்றால்தான் விரல் ஓடும்.

எழுத்து வரிசை: அ, ஆ, இ என்று ஆரம்பிக்காதீர்கள். அ எழுத ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு குறுக்கு, ஒரு நெடுக்கு வேண்டும். ட, ப இரண்டும் நேர்கோடு, ம-வில் ஒரே ஒரு வளைவு. அதில் தொடங்கி, மற்ற வளைவு எழுத்துகளுக்குப் பிறகு போகலாம். 'ஊர்' எழுதுவதற்கு முன்னால் 'படம்' எழுதட்டும், தானே ஒரு வார்த்தை எழுதிய சந்தோஷமாவது கிடைக்கும். வாயால் நீளமாக விளக்க வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்குக் காதால் கேட்டது நிற்பதைவிடக் கண்ணால் பார்த்தது நன்றாக நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் எழுதிக் காட்டுங்கள், அவ்வளவுதான்.

பல்லாங்குழி இருக்கிறதா வீட்டில்?

பேரனின் தாத்தா

இருக்கிறது. அதற்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம்?

மரப்பாச்சி

ஒரு கை நிறையப் புளியங்கொட்டையை அள்ளுங்கள். இப்போது குழிக்கு ஒன்றாகப் போடுங்கள். உங்கள் கையையே பாருங்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் மீதிக் கொட்டையை உள்ளங்கையில் அமுக்கிப் பிடித்திருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றை மட்டும் நகர்த்தி முன்னால் கொண்டுவரும். பாதிக் கை பிடிக்க, பாதிக் கை வேலை செய்ய. பென்சில் பிடியும் அதே பங்கீடுதான். டவுன்ஸ் பிள்ளைகளுக்கு இந்தப் பங்கீடு தாமதமாக வரும். 10 கொட்டை கொடுத்தால் மொத்தமாகக் கொட்டிவிடுவார்கள். 2 கொட்டையில் ஆரம்பியுங்கள்.

உம்மா, கீழக்கரை

ஸலாம், வணக்கம். எல்லாரும் கை, கால் பேசுகிறீர்கள். நான் தூக்கம் பேசுகிறேன்.

என் மகளுக்கு 9 வயது. சின்ன வயசிலிருந்து சுஜூது செய்கிற மாதிரி முழங்காலை மடித்துக் குனிந்து, முகத்தைத் தலையணையில் புதைத்துத்தான் தூங்குவாள். பார், தூக்கத்திலும் தொழுகிறாள் என்று என் மாமியார் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவார். கொஞ்சம் குறட்டையும் உண்டு. பகலில் எதைச் செய்யச் சொன்னாலும் துவண்டு போவாள். ஒரு மருத்துவமனையில் கேட்டதற்கு, இந்தப் பிள்ளைகள் அப்படித்தான் தூங்குவார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷம் அப்படியே போனது. பிறகு வேறு ஒரு டாக்டர் இரவு முழுக்கத் தூக்கப் பரிசோதனை செய்யச் சொன்னார். மூச்சு அடிக்கடி நின்று நின்று வருகிறது. மூச்சுக்குழாய் அடைக்காமல் இருக்கத்தான் அவளாகவே குனிந்து படுத்திருக்கிறாள், எங்களுக்குத்தான் புரியவில்லை. மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதையையும் டான்சிலையும் எடுத்தார்கள். இப்போது நேராகப் படுக்கிறாள். பிசியோவில் 10 நிமிஷத்தில் உட்கார்ந்துவிடுகிறவள் அரை மணி நேரம் தாங்குகிறாள்.

'இந்தப் பிள்ளைகள் அப்படித்தான்' என்று யாராவது சொன்னால், நான் இப்போதெல்லாம் அடுத்த டாக்டரிடம் போய்விடுகிறேன்.

டிரில் சார்

நான் பெற்றோர் இல்லை, அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 5-ஆம் வகுப்பில் டவுன் சிண்ட்ரோம் பையன் ஒருவன் இருக்கிறான். படு உற்சாகம். ஆண்டு விழாவுக்குப் பிரமிடு கட்டுகிறோம், அவனையும் சேர்க்கச் சொல்லி அடம். குட்டிக்கரணமும் போடுகிறான், உடம்பு ரப்பர் மாதிரி வளைகிறது. ஒதுக்கிவைக்க மனமில்லை. சேர்க்கலாமா?

நெல்லை பிசியோ

சார், கேட்டதற்கு நன்றி, பலர் கேட்காமலே செய்துவிடுகிறார்கள். பிரமிடும் குட்டிக்கரணமும் வேண்டாம். தலைகீழாக நிற்பது, தலையால் பந்து முட்டுவது, நீச்சலில் தலை முதலில் பாய்வது இதெல்லாமும் கழுத்தை டாக்டர் பார்க்காமல் வேண்டாம்.

ரப்பர் மாதிரி வளைகிறது என்றீர்களே, அதே இளக்கம் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலும் இருக்கலாம். 100 பேரில் 10 முதல் 20 பேருக்கு எக்ஸ்ரேயில் அங்கே இடைவெளி கூடுதலாகத் தெரியும். அதனால் தொந்தரவு வருவது 1 அல்லது 2 பேருக்குத்தான். ஆனால் அந்த ஒருவருக்கு நசுங்குவது தண்டுவடம்.

எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வீர்களா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். தொந்தரவு இல்லாத பிள்ளைக்கு வழக்கமாக எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2011-லேயே சொல்லிவிட்டது, 2022-லும் அதையே சொன்னது. இன்றைக்குச் சரியாக இருக்கும் படம் நாளைக்கு உத்தரவாதம் தராது. படத்தைவிட அறிகுறிதான் முக்கியம். கழுத்து வலி, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருப்பது, நன்றாக நடந்த பிள்ளை தடுமாறுவது, கையில் பிடித்தது நழுவுவது, பழகின பிள்ளை திரும்ப சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது. இதில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி. கீழக்கரை அக்கா சொன்ன மாதிரி ஆபரேஷன் எதற்குப் போனாலும், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் டவுன் சிண்ட்ரோம், கழுத்தைப் பார்த்துத் திருப்புங்கள் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

பையனை ஒதுக்க வேண்டாம் சார். ஓடட்டும், பந்து எறியட்டும், கயிறு இழுக்கட்டும். பாண்டி ஆடவிடுங்கள், ஆனால் நொண்டாமல் இரண்டு காலாலும் குதிக்கட்டும். ஒற்றைக் காலில் நிற்பது இவர்களுக்கு ரொம்பக் கடினம், வெகு நாள் பிடிக்கும்.

தேனி அக்கா, படி பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. அந்த உயரமான பள்ளிப் படியில், அவசரத்தில், பின்னால் வரிசை நிற்கும்போது யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அங்கே பாதுகாப்பு மட்டும் பாருங்கள். மணி அடிக்க 5 நிமிஷம் முன்னால் அவளை விட்டுவிடச் சொல்லுங்கள். இறங்கும்போது ஆயாம்மா அவளுக்கு ஒரு படி கீழே, அவளைப் பார்த்து நிற்க வேண்டும். தூக்கக் கூடாது.

கற்றுக்கொடுப்பது வீட்டில். மரப்பாச்சி சொன்ன அதே மணை போதும். மணைமேல் ஒரு காலை வைத்து ஏறி இறங்க வேண்டும். வலது காலில் 5 தடவை, இடது காலில் 5 தடவை. பெரும்பாலும் ஒரு கால் மட்டும் கெட்டிக்காரக் காலாக இருக்கும், மற்றது அதன் பின்னாலேயே வரும். அந்த மந்தக் காலுக்கு முதல் வாய்ப்பு கொடுங்கள். பிறகு, கையை ஊன்றாமல் முக்காலியிலிருந்து எழுவது. உங்கள் பெண் தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றித்தான் எழுவாள், கவனித்துப் பாருங்கள். அந்தத் தொடைக்குப் பலம் வந்தால்தான் படி இறங்க முடியும். இறங்குவது என்பது மெதுவாக உட்கார்வது மாதிரிதான்.

செருப்புக்குப் பின்பட்டை இருக்க வேண்டும். பாதம் தட்டையாக இருந்து கணுக்கால் உள்பக்கம் சாய்ந்தால் எலும்பு டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள், உள்ளே வைக்கும் சோல் தேவைப்படலாம்.

டிரில் சார்

புரிந்தது. பிரமிடுக்கு முன்னால் கொடி பிடித்து அணிவகுப்பை நடத்திப் போவது அவன்தான் என்று முடிவு செய்துவிட்டேன். விசிலும் அவனுக்கே.

வட்டார டீச்சர்

நான் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்பு ஆசிரியை. தேனி அக்கா, வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கெஞ்ச வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில், அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பிள்ளைக்குத் தேவையான வசதியைச் செய்துகொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியில் இலவசமாகப் படிக்கும் உரிமையும் அதே சட்டத்தில்தான். சிறப்புப் பள்ளிக்கு மாற்றுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், பள்ளி முதல்வரின் விருப்பம் இல்லை.

உங்கள் வட்டார வள மையத்தில் பிசியோ வரும் நாளைக் கேட்டு வையுங்கள், கட்டணம் கிடையாது. மாவட்ட அளவில் அரசு மருத்துவமனையில் இருக்கும் டி.இ.ஐ.சி. மையம் (பிள்ளைகளின் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து உதவும் இடம்) சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். 18 வயது வரை போகலாம்.

கோவை அப்பா

ஒரு மாற்றுக் கருத்து, யாரும் கோபிக்க வேண்டாம். நாங்கள் 11 வயதில் எழுத்தை விட்டுவிட்டோம். நான்கு வருஷம் மாலையெல்லாம் நோட்டோடு சண்டை. மகன் அழுது, மனைவி அழுது, கடைசியில் எழுதியதை அவனாலேயே படிக்க முடியாது. டேப்லெட்டில் தமிழ் கீபோர்டு போட்டுக் கொடுத்தோம். இன்றைக்குக் கிரிக்கெட் ஸ்கோரைப் பற்றி எனக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறான். பிழைகளோடுதான், ஆனால் அவன் சொல்ல நினைத்ததை அனுப்புகிறான். பேனாவால் எழுதுவது அவன் பெயரும் கையெழுத்தும் மட்டும். எழுத்து என்பது மனசில் இருப்பதைச் சொல்லத்தானே? அந்த 4 வருஷத்தைச் சட்டை போடவும் சமைக்கவும் செலவழித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மரப்பாச்சி

11 வயதில் நீங்கள் எடுத்த முடிவு சரி அண்ணா. 8 வயதில் அதையே நான் சொல்ல மாட்டேன். ட, ப, ம எழுதும்போது எழுத்தின் வடிவமும் மனசில் பதிகிறது, அது படிப்புக்கு உதவும். இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். வீட்டுப்பாடம் டைப்பில், எழுத்துப் பயிற்சி 5 நிமிஷம் சாக்பீஸில்.

கோவை அப்பா

அந்த 5 நிமிஷம் நம் வீடுகளில் 50 ஆகிவிடும். சொல்லிவைக்கிறேன்.

பேரனின் தாத்தா

இன்றைக்கு 3 கொட்டையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டான். நாலாவதில் கொட்டிவிட்டான். கொட்டியதைப் பொறுக்கவைத்ததும் நல்ல பயிற்சி என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் எழுதவைப்பதை நாலு வரியாகக் குறைத்திருக்கிறேன். பரணிலிருந்து மேஜை இறங்கிவிட்டது, கரையான் கொஞ்சம் தின்றிருக்கிறது.

உம்மா, கீழக்கரை

பட்டனுக்கு எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். கடைசிக் கட்டத்தை மட்டும் பிள்ளைக்கு விட வேண்டும். பட்டனை முக்கால் பங்கு ஓட்டைக்குள் நுழைத்துவிட்டு, மீதியை இழுப்பது மட்டும் அவள் வேலை. இழுத்ததும் போட்டாயிற்று! தானே போட்ட மாதிரிதான் அவளுக்கு. ஒரு வாரம் கழித்துப் பாதி வரை நுழைத்துக் கொடுப்பேன். முதலில் அவள் உடம்பிலிருக்கும் சட்டையில் வேண்டாம், மடியில் வைத்து அவள் வாப்பாவின் சட்டையில் பழகட்டும். பட்டன் பெரிது, கண்ணுக்கும் தெரியும்.

பெரியவர்கள் பொறுமையாக இருப்பதுதான் கஷ்டம். என் மாமியார் கை தானாக நீளும். அவர் கையில் எண்ணி ஓதும் தஸ்பீஹ் மணி கொடுத்துவிட்டு, 33 முடிகிற வரை பிள்ளையைத் தொடக் கூடாது என்று சொல்லிவைத்தேன். பெரும்பாலும் 20-க்குள் பிள்ளையே போட்டுவிடுகிறாள்.

தேனிக்காரி

மூன்று மாதம் கழித்து வருகிறேன். யாரும் மறந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கண்ணில் பவர் இருந்தது, கண்ணாடி வந்துவிட்டது. இரண்டு தடவை உடைத்தும் ஆயிற்று. தைராய்டு எல்லையில் இருக்கிறது, மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளியில் மணை வைக்க முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, மற்றப் பிள்ளைகளும் கேட்பார்களாம். கேட்டார்கள்தான். இப்போது அந்த வகுப்பில் குள்ளமான நாலு பேருக்கு மணை இருக்கிறது. வகுப்பை மட்டும் கீழே மாற்றவில்லை, அடுத்த வருஷம் என்கிறார்கள். வட்டார டீச்சர் சொன்ன மாதிரி எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவைத்திருக்கிறேன்.

எழுத்து இன்னும் கோணல்தான். ஆனால் தலை சாய்வதில்லை. ட, ப, ம மூன்றும் வருகிறது. வாசலில் என் மாமியார் புள்ளி வைக்க, இவள் கோலமாவைக் கிள்ளிப் போடுகிறாள். புள்ளி சேர்கிறதோ இல்லையோ, கிள்ளுவது மூன்று விரலில்தான். இரண்டு வாரமாக டிபன் பாக்ஸ் மூடியை அவளே திறக்கிறாள். கூடவே பக்கத்து சீட்டுப் பையனுடையதையும் திறந்து ஒரு முட்டையை எடுத்துவிட்டதாக டைரியில் புகார்.

ஏறும்போது கால் மாற்றி வைக்கிறாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு. இறங்கும்போது இன்னும் ஒவ்வொரு படியிலும் ஒரே காலைத்தான் முதலில் வைக்கிறாள்.

பிசியோ அண்ணா, இப்போது சைக்கிள் வேண்டும் என்கிறாள். பக்கவாட்டுச் சக்கரம் வைத்தது வாங்கட்டுமா? நடக்கிற காரியமா இது?

நெல்லை பிசியோ

நடக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேல் உல்ரிச் குழு 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 8 முதல் 15 வயது வரையுள்ள டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு 5 நாள், நாளுக்கு 75 நிமிஷம், இரண்டு சக்கர சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். 56 சதவீதம் பேர் அந்த 5 நாளிலேயே சுமார் 9 மீட்டர் தனியாக ஓட்டிவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, ஓட்டக் கற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரமும் குறைந்திருந்தது. அவர்களிடம் இதற்கென்றே உருளை வைத்த சைக்கிள் இருந்தது, நம்மிடம் இல்லை. அதனால் 5 நாளில் எதிர்பார்க்காதீர்கள்.

பக்கச் சக்கரம் வேண்டாம். அதில் சாய்ந்தே பழகிவிட்டால் சமநிலை வராது. சின்ன சைக்கிளாகப் பாருங்கள், வயதைச் சொல்லிக் கேட்காதீர்கள், அவளை உட்காரவைத்துப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். கடைக்காரரிடம் சொல்லி இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். காலால் தரையை உந்தி உந்திப் போகட்டும். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் மிதந்து போகிறாள் என்றால் பெடலை மாட்டுங்கள். ஹெல்மெட் முதல் நாளிலிருந்தே.

தேனிக்காரி

பெடலைக் கழற்றச் சொன்னதும் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வாங்கிவிட்டோம். சிவப்பு நிறம். இப்போதைக்கு அதில் உட்கார்ந்து மணி மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறாள், கட்டைவிரலால்.